கத்திரி வெயிலில் ஆம்பூருக்கு: நான் வேண்டாமென்ற கூழ்

வேலூரிலிருந்து ஆம்பூர் முப்பது மைல். சைக்கிளில் போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். எழுதும்போதே கால் வலிக்கிறது. போன கத்திரியில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் குமாஸ்தா வேலை காலி என்று கடிதம் வந்தது. முதலாளி மறுநாள் நான்கு மணி ரயிலில் மதராஸ் போகிறார், அதற்குள் நேரில் வந்தால் வேலை உண்டு. எட்டு மாதமாகச் சும்மா இருந்தவன் நான். அப்படியும் காலை ரயிலைக் கோட்டை விட்டேன்.

எட்டரைக்கு ஆறணா வாடகைச் சைக்கிளில் கிளம்பினேன். வயிறு காலியாக இருந்தால் மிதிப்பது லேசு, உப்பு தின்றால் தாகம் எடுக்கும் என்று எனக்கு ஒரு அசட்டு நம்பிக்கை. காலையில் காப்பி மட்டும்தான். விரிஞ்சிபுரத்தில் ஒரு செம்பு தண்ணீர், பள்ளிகொண்டாவில் இரண்டு. வயிற்றில் தண்ணீர் குலுங்கியதே தவிர தெம்பு வரவில்லை.

பதினொரு மணிக்குப் புளியமரத்தடியில் ஒரு மாட்டு வண்டி. தோல் ஷாப்புக்கு உப்பு மூட்டை ஏற்றியது. வண்டிக்காரர் தாவீது, என் வயதுதான், சட்டியில் கேழ்வரகுக் கூழ் கரைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, மூஞ்சி இப்பிடி செவந்துகீது? கொஞ்சம் குடிச்சிட்டுப் போங்க. உப்பு போட்டாச்சு."

அந்தப் பக்கத்தில் உப்பு போட்டாச்சு என்றால் தோலுக்குத்தான். மூட்டையைப் பார்த்தேன், சட்டியைப் பார்த்தேன்.

"தோலுக்குப் போடற உப்பா?"

அவர் முகம் சுண்டிப்போயிற்று. "ஊட்டு உப்புங்க."

"வேணாம்ப்பா. பத்து நிமிஷம் வீணாகும்."

மாதனூருக்கு ஒரு மைல் இருக்கையில் இரண்டு கெண்டைக்காலும் முறுக்கிக்கொண்டன. அந்த வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. சைக்கிளோடு விழுந்தேன், எழ முடியவில்லை.

ஒன்றே காலுக்கு அதே வண்டி வந்து நின்றது. வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்த என் சட்டையைத் தாவீது தொட்டுப் பார்த்தார்.

"உப்பெல்லாம் சட்டைக்குப் போய்ட்ச்சு. உள்ள இன்னா இருக்கும்? குடிங்க."

வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு மிச்சக் கூழைக் குடித்தேன். அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அரை மணியில் முறுக்கு விட்டது, ஆனால் மிதிக்கக் கால் இல்லை. என்னையும் சைக்கிளையும் மூட்டை மேல் போட்டுக்கொண்டார்.

"ரயில் நாலு மணிக்குங்க, தாவீது."

"மாடு பறக்காதுங்க."

ஐந்தேகாலுக்கு ஷாப்பு வாசலில் இறங்கினேன். "முதலாளி போய் ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. வேற ஆளை வெச்சிட்டாரு" என்றான் காவல்காரன்.

பிறகு ஒரு டாக்டர் நண்பரைக் கேட்டேன். வியர்வையில் தண்ணீரோடு உப்பும் போகிறதாம். வெறும் தண்ணீரையே ஊற்றினால் மிச்சமிருக்கும் உப்பும் நீர்த்துப்போய்ச் சதை முறுக்குமாம். ஆகவே விடியுமுன் கிளம்புங்கள், பழையதோ கூழோ உப்புப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு. வழியில் மோரிலும் உப்புச் சேர்த்துக்கொள்ளுங்கள். யாராவது சட்டியை நீட்டினால் வாங்கிக் குடியுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்.