வெயில் தாங்காத ரோபோ

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்றால், லேப் இன்ஸ்ட்ரக்டருக்கு நாலு பக்கமும். பெங்களூர் பொறியியல் கல்லூரிகளில் குப்பை கொட்டும் என் சக பாவிகளுக்கு இது தெரியும்.

எங்கள் மூன்றாம் ஆண்டுக்கு ரோபோ போட்டி என்பது விளையாட்டு இல்லை, பாடம். வெள்ளைப் பலகையில் ஒட்டிய கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே வண்டி தானாக எல்லை வரை போக வேண்டும். போகாவிட்டால் ஃபெயில். விவேக் நகரிலிருந்து வரும் ஸ்டெல்லாவுக்குப் போன வருஷமே இந்தப் பாடம் போய்விட்டது. இந்த முறையும் போனால் கம்பெனி இன்டர்வியூவில் உட்கார விடமாட்டார்கள்.

எட்டு கிராம்

வண்டி ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்டெல்லாவின் வண்டி எட்டு கிராம் கூடுதல். அவளுடைய கூட்டாளி மஞ்சுநாத் யோசிக்கவே இல்லை, சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிட்டான். வண்டி மேஜையிலிருந்து பாயப் பார்த்தது. நான்தான் தாவிப் பிடித்தேன். நிறுத்துவது எப்படியடா என்றேன்.

"ஓடணும்னுதானே சார் கஷ்டப்படறோம், நிக்கறதுக்கா? சும்னே டென்ஷன் ஆவாதீங்க" என்றான், சும்மாவைக் கன்னடமாக்கி.

புது வண்டி பூஜை

போட்டியன்று காலை மஞ்சுநாத் நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தான். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க வேண்டுமாம். சக்கரத்தைவிடப் பழம் பெரிசு. வண்டி ஏற முயன்று மல்லாந்து விழுந்தது. ஸ்டெல்லா அதைத் தூக்கித் துடைத்தாள்.

"எங்கம்மா காலைலயே சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்தியாச்சு. நீ ஏன்டா நடுவுல ஜூஸ் போடற?"

ஜன்னல் ஓரம்

போட்டோ நன்றாக விழட்டும் என்று டிராக்கை ஹாலில் ஜன்னல் ஓரம் போட்டது அடியேன். டியூப்லைட்டில் பழகிய வண்டியின் சென்சாருக்கு வெயில் பட்டதும் கோடு தெரியவில்லை. நேரே போய், நடுவராக நின்ற ஹெச்.ஓ.டி. மேடத்தின் செருப்பில் முட்டியது. ஒரு வண்டிக்கு இரண்டு வாய்ப்பு; மீதி இருந்தது ஒன்றே ஒன்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் போட்டி விதிமுறைத் தாளை ஒருமுறை படித்தாள். வண்டியைக் கையால் தொடக் கூடாது, அவ்வளவுதான். என் பையிலிருந்த குடையை எடுத்து விரித்து, வண்டிக்கு மேலே பிடித்தபடி குனிந்து கூடவே நடந்தாள். குடை நிழலில் வண்டி கோடு பிசகாமல் எல்லையைத் தொட்டது. மேடம் விதிமுறைத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு மார்க் போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொண்ணு பாஸ். டிராக்க வெயில்ல போட்டது யாரு, நீங்களா?"

ஆக, அந்தப் பாடத்தில் இந்த வருஷம் அரியர் விழுந்தது எனக்கு மட்டும்தான்.