எங்கள் சாஸ்தாவைக் கண்டுபிடித்த பங்குனி

பங்குனி உத்திரத்தன்று எங்கள் தெருவில் ஆள் இருக்காது. திருநெல்வேலிச் சீமை முழுக்க அப்படித்தான். அவரவர் குடும்பத்துச் சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைப்பார்கள். அப்பன் வழியில் வருகிற சாமி. சிலருக்குக் குளத்தங்கரையில் இருக்கும், சிலருக்குக் காட்டுக்குள். விக்கிரமசிங்கபுரத்தில் விடியும் முன்னே பானையும் அரிசியும் விறகும் வேனில் ஏறிவிடும். வெயில் வரும்போது தெருவில் நாய்களும் நாங்களும்தான் இருப்போம்.

எங்கள் சாஸ்தா எது என்று எங்களுக்குத் தெரியாது.

இதை வெளியில் சொல்ல முடியாது. "உங்க சாஸ்தா எங்கன?" என்று யாராவது கேட்டால் "தூரம்" என்பேன். எவ்வளவு தூரம் என்றால் "ரொம்ப" என்பேன். அதற்குமேல் கேட்கவிடாமல் சைக்கிளை எடுத்துவிடுவேன்.

என்னை வளர்த்தது அப்பாவைப் பெற்ற ஆச்சி. அப்பா மில் வேலைக்காக இந்த ஊருக்கு வந்தவர். நான் நடக்கும் முன்னே காய்ச்சலில் போய்விட்டார். கொஞ்ச நாளில் அம்மையும் போய்விட்டாள். ஆச்சி மில்லுக்குச் சோற்றுக்கூடை சுமந்தாள். வீடு வீடாகத் தூக்குச்சட்டிகளை வாங்கிக் கூடையில் அடுக்கி, தலையில் வைத்து, மில் வாசலுக்குக் கொண்டுபோவாள். மழை வந்தால் முந்தானை கூடைக்கு. அவள் தலைக்கு இல்லை. எனக்குக் காய்ச்சல் என்றால் என்னையும் இடுப்பில் தூக்கிக்கொள்வாள். மேலே அடுத்த வீட்டுச் சோறு, கீழே நான். அப்படியே நடப்பாள்.

மகன் செத்தபிறகு அவள் சாஸ்தா கோயிலுக்குப் போகவே இல்லை. அந்த ஊர்ப் பேரைக்கூட வாயில் எடுக்கமாட்டாள். ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"சாமிக்கு நம்ம மேல கோவமா ஆச்சி?"

"சாமிக்கு என்னலே கோவம்? எனக்குல்லா கோவம்."

ஆனால் பங்குனி உத்திரத்தன்று வீட்டு முற்றத்தில் அவளே பொங்குவாள். கிழக்கே பார்த்துப் படைப்பாள். சாப்பிட்டு மிஞ்சியதை ராத்திரிக்கு வைக்கவிடமாட்டாள். கொல்லையில் குழி தோண்டி மண்ணைப் போட்டு மூடிவிடுவாள். நெல்லுச்சோறு தினமும் கிடைக்காத வீடு எங்கள் வீடு. எனக்குப் பொறுக்காது. "ஏலே, பேசாம இரு. அது வழக்கம்" என்பாள்.

நான் மில்லில் சேர்ந்த வருஷம் ஆச்சி இறந்துபோனாள். ஊர்ப் பேர் அவளோடு போய்விட்டது.

பிறகு கல்யாணம் ஆயிற்று. என் வீட்டுக்காரி பிறந்த வீட்டில் சாஸ்தா கோயிலுக்கு லாரி பிடித்துப் போகிறவர்கள். கல்யாணம் ஆன பெண்ணுக்குப் புருஷன் வழிச் சாமிதான். அவளுக்கு அந்தச் சாமி போய்விட்டது, இந்தச் சாமி கிடைக்கவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்போ எல்லாம் விசாரிச்சாவ எங்கப்பா. சாமி இருக்கான்னு கேக்க மறந்துட்டாவ" என்பாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

பையனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனதும் சிரிப்பு நின்றுவிட்டது. வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடித்து வந்து மஞ்சளும் தடவியாயிற்று. முதல் பத்திரிகை சாஸ்தாவுக்கு வைக்கவேண்டும். கட்டைப் பிரிக்கவிடமாட்டேன் என்றுவிட்டாள்.

"சாமிக்கு வைக்காம ஒரு வீட்டுப் படி ஏற மாட்டேன். பங்குனி உத்திரத்தன்னைக்குத்தான் எல்லா சாஸ்தாவுக்கும் ஆள் வரும். அன்னைக்கு விட்டா யார்கிட்டப் போய்க் கேப்பீங்க?"

எனக்குப் போக மனம் இல்லை. போன வருஷம் பட்டது போதும் என்றிருந்தேன். யாரோ சொன்னார்கள் என்று மணிமுத்தாறு பக்கம் ஒரு கோயிலுக்குப் போயிருந்தோம். அடுப்புக் கூட்டி, பானை வைத்து, அரிசியும் போட்டாயிற்று. அப்போது ஒரு பெரியவர் வந்தார்.

"எந்த வீடுவே?"

மில் வேலைக்கு வந்த வீடு என்று சொன்னேன். அவர் யோசித்தார். "எங்க ஆளுகள்ல மில்லுக்குப் போன குடும்பமே கெடையாதே" என்றார். பிறகு, "அதனால என்ன, பொங்கிச் சாப்பிட்டுட்டே போங்க" என்றார். நல்ல மனுஷன். அதுதான் தாங்கவில்லை. வீட்டுக்காரி வேகாத சோற்றோடு பானையை இறக்கித் துணியில் சுற்றிவிட்டாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, ஆவி வருது?" என்றார் கண்டக்டர்.

"வயிறு எரியுதுல்லா. அதான்."

இந்தத் தடவை அவள் ஒரு வழி வைத்திருந்தாள். "சாமி எப்படி இருக்கும்னு கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லுதாவ. சோத்தைக் கேப்போம்" என்றாள்.

விடிகிற நேரத்தில் திருநெல்வேலி பஸ் நிலையத்தில் நின்றோம். நாலா பக்கமும் போகிற பஸ்களில் கூட்டம். பெண்கள் கையில் எல்லாம் பானை. எங்கள் பானை என் தோளில். பத்திரிகைக் கட்டு அவளுடைய மஞ்சள் பையில். அவள் ஒவ்வொரு பஸ்ஸாகப் போய் ஜன்னலில் தட்டினாள்.

"யக்கா, உங்க கோயில்ல மிஞ்சின சோத்தை என்ன செய்வீய?"

"திம்போம். சோத்தை வேற என்ன செய்வாவ?"

அடுத்த பஸ்ஸில் ஒருத்தி, "மதினி, பசின்னா நேராச் சொல்லு. சுத்தி வளைக்காத" என்றாள். பஸ்ஸே சிரித்தது.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "போதும், வா" என்றேன்.

"நீங்க பானையைப் பிடிங்க. பேச்சை நான் பாத்துக்கிடுதேன்."

ஏரல் போகிற பஸ் கிளம்பத் தயாராகி உறுமிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தி. வீட்டுக்காரி ஓடிப்போய்க் கேட்டாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோவக் கூடாதுல்லா" என்றாள் பச்சைச் சேலை. "மண்ணுல மூடிட்டுத்தான் பஸ் ஏறுவோம். ஏன் கேக்கிய?"

வீட்டுக்காரி என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். "ஏறுங்க."

வழி நெடுக ஒரு பக்கம் வாழை. ஆறு தெரிந்தது, மறைந்தது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் பனை கூடியது. பச்சைச் சேலைக்காரி எங்கள் கதையை முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எங்க பெரியவரு லேசுல ஒத்துக்கிட மாட்டாவ. மிஞ்சின சோத்தை மூடுனா மட்டும் பங்காளி ஆயிர முடியுமா?"

வீட்டுக்காரி மஞ்சள் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஏரலில் இறங்கி வேறு பஸ் ஏறினோம். கொற்கைக்கு முன்னால் ஒரு குளத்துக்கரையில் இறங்கி, கரைமேல் நடந்தோம். பனைகளுக்கு நடுவே சின்னக் கோயில். கோபுரம் கிடையாது. கிழக்கே பார்த்த வாசல். வாசலுக்கு எதிரே வரிசையாகச் செங்கல் அடுப்புகள், புகை.

பெரியவர் பனை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பச்சைச் சேலைக்காரி விஷயத்தைச் சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வீடு?"

"தெரியாது. மேக்க மில்லுக்குப் போன வீடு."

"மேக்க போனவன் பத்துப் பேரு உண்டும். ஒரு அடையாளம் சொல்லும் பாப்போம்."

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அதுவரை பேச்சு முழுக்க அவளுடையது. இது நான் சொல்லவேண்டியது. அவள் ஆச்சியைப் பார்த்ததில்லை.

"எங்க ஆச்சிக்கு எடதுகைப் பழக்கம்" என்றேன்.

"எதுக்கு?"

"எல்லாத்துக்கும். அருவா, கரண்டி, அடி, எல்லாம் எடதுகைதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துப் பைய எழுந்தார்.

"எங்க பெரியம்மைல்லா அது" என்றார். "சாமி சோத்தை எடதுகையால விளம்பாதன்னு எங்க தாத்தா இந்த எடத்துல வச்சுச் சத்தம் போட்டாவ. 'அப்போ பசியோட கெடங்க'ன்னு கரண்டியைப் போட்டுட்டுப் போயிட்டா. பெறவு எங்க தாத்தாவே எலையைத் தூக்கிட்டு அவ பின்னால போனாவ."

இது எனக்குத் தெரியாத ஆச்சி. ஆனால் சந்தேகமே இல்லை. அவள்தான்.

"ஒங்கப்பன் எனக்கு அண்ணன்வே. செத்த சேதி மட்டும் வந்துது. பெரியம்மை வருவா வருவான்னு பங்குனிக்குப் பங்குனி பாத்தோம். இருக்காளா?"

"நாப்பது வருசம் ஆச்சு."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "கோவக்காரி" என்றார். அவ்வளவுதான். அம்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு சித்தப்பா கிடைத்தார்.

பிறகு அடுப்பு வரிசையைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். "ஏ, எல்லாரும் அடுப்பைத் தள்ளிப் போடுங்க! மூத்த வீட்டு அடுப்பு வருது!"

அந்தக் கோயிலில் மூத்த வீட்டு அடுப்புதான் வரிசையில் முதல். அத்தனை வருஷமும் அடுத்த வீட்டுக்காரர்கள் அந்த இடத்தில் பொங்கியிருக்கிறார்கள். அந்த அடுத்த வீடு பச்சைச் சேலைக்காரி வாழ்க்கைப்பட்ட வீடு. அவள் வீட்டு ஆட்கள் முன்னமே வந்து பானை ஏற்றியிருந்தார்கள்.

"மாமா, பொங்குத நேரத்துலயா!" என்றாள்.

"பொங்கட்டும். தூக்கு."

தூக்கினாள். திட்டிக்கொண்டேதான் தூக்கினாள். "இதுக்குத்தான் ஒங்களைக் கூட்டிட்டு வந்தனா யக்கா? ஜன்னலைச் சாத்திட்டு இருந்திருக்கணும்." ஆனால் அவள் அடுப்பிலிருந்துதான் எங்களுக்கு நெருப்பு கொடுத்தாள்.

முதல் அடுப்பில் எங்கள் பானை ஏறியது. வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்து ஊதினாள். பால் பொங்கி வழிந்தபோது பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். அவளும் போட்டாள். கல்யாணம் ஆகி முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அவள் குலவையை நான் கேட்டது அன்றைக்குத்தான். தெருமுனைவரை கேட்கும் குரல். இவ்வளவு நாள் எங்கே வைத்திருந்தாளோ.

பூசாரி பத்திரிகையை வாங்கிச் சாஸ்தா காலடியில் வைத்தார். நான் கும்பிட்டேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. வந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன். ஆச்சி சார்பிலும் சொன்னேன். அவள் கோபம் அவளுடையது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு உரிமை இல்லை. அதனால் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் சித்தப்பா கையை நீட்டினார். "சாமிக்கு வச்சாச்சு. எனக்கு எங்க?"

வீட்டுக்காரி கட்டைப் பிரித்தாள். கொண்டுபோனது அத்தனையும் அங்கேயே தீர்ந்துவிட்டது.

வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டில் எத்தனை பேர் வருவீர்கள் என்று பெண் வீட்டார் முன்பே கேட்டிருந்தார்கள். ஒரு வேன் நிறையாது என்று சொல்லியிருந்தேன். அது நிச்சயத்தன்று சொன்னது. மாற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பத்திரிகை வாங்கிய எல்லாரும் வந்துவிடுவார்களா என்று நினைத்துவிட்டேன்.

முகூர்த்தத்துக்கு முன்னால் மண்டபத்து வாசலில் ஒரு முழு பஸ் வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. சித்தப்பாவை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். பச்சைச் சேலைக்காரி அன்றைக்குச் சிவப்புப் பட்டு. இறங்க இறங்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

பெண்ணின் அப்பா என் பக்கத்தில் வந்தார். "மச்சான், இவ்வளவு பேரும் யாரு?"

"பங்காளிய" என்றேன்.

சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். "அண்ணாச்சி, சோறு பத்தாது!"

வீட்டுக்காரி பட்டுச் சேலையோடு அடுப்படிக்குள் போய்விட்டாள். "இன்னொரு ஒலை வைங்க" என்று உள்ளிருந்து கேட்டது. அரிசி வாங்க யாரையும் அனுப்பவில்லை. நானே போனேன்.