சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பெட்டி

எங்கள் உறவில் எந்த விசேஷம் நடந்தாலும், சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டு வரும்போது யாராவது ஒருவர் என் அம்மாவின் பெட்டிக் கதையை எடுத்துவிடுவார்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் எழுந்து மறுத்துப் பேசுகிற ஆள் இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போனவள். நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். தறி ஓட்டுகிறவர்களுக்கு முதுமை சீக்கிரம் வந்துவிடுகிறது. சின்ன வயதிலேயே கல்யாணமாகி, பேரன் எடுத்து, தலை நரைத்து, நானும் இப்போது கிழவிகள் வரிசையில்தான் உட்காருகிறேன். இத்தனை வருஷமாக வாய் திறக்கவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். அவர்கள் சொல்கிற கதை தப்பு.

தொண்ணூறுகளின் நடுவில், பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். வீடும் முதலாளியுடையது, குடோனும் அவருடையது. அம்மா அங்கே நாலு விசைத்தறி ஓட்டினாள். அப்பா நூல் மூட்டையும் துணிக் கட்டும் ஏற்றி இறக்கினார். குடோனுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். பகல் ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று தறிச் சத்தம் ஓயாது. வீட்டுக்குள் ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதால் கேட்டு நான் பார்த்ததில்லை. உதட்டைப் பார்த்துப் பேசுவோம். குடோனுக்குள் அப்படித்தான் பேசியாக வேண்டும், அதே பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊரிலிருந்து விருந்தாட வரும் ஒறம்பரைகள், சொந்தபந்தங்கள், தொண்டை கிழியக் கத்திவிட்டு, இரண்டாம் நாளே பஸ் ஏறிவிடுவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அம்மா தீபாவளி போனஸில் பாட்டுப் பெட்டி வாங்கவேண்டும் என்றாள். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏம்புள்ள, ஊடே ஒரு சத்தக்காடு. இதுல இது வேறயா?"

"அவுங்க சத்தத்தையே எத்தனை வருசத்துக்குக் கேக்கறதுங்க? என்ற சத்தம்னு ஒன்னு வேணும்" என்றாள் அம்மா.

கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் ஒரு சின்னக் கடை. பிளைவுட் அறுத்து, அங்கேயே பெட்டி அடித்து, ஆம்ப்ளிஃபயரும் பூட்டித் தருகிற பாய் ஒருவர் இருந்தார். முதலில் கைக்கு அடக்கமான இரண்டு ஸ்பீக்கரை வைத்துப் பாட விட்டார். ஒவ்வொரு சொல்லும் மணி மணியாக விழுந்தது. அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. அம்மா ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள், அடுத்ததில் வைத்தாள்.

"இதுல ஒன்னுமே தெரியலீங்களே."

பாய் சிரித்தார். "பாட்டு காதுக்குத்தானே தங்கச்சி, கைக்கு எதுக்கு?"

"எனக்குக் கைக்கும் வேணுமுங்க பாய்."

அவர் உள்ளே போய், ஒரு தவிட்டு மூட்டை அளவுக்கு இரண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார். சப்-ஊஃபர் என்றார். இது தனியாகப் பாடாதாம். சின்ன ஸ்பீக்கர்கள் பாட்டைச் சொல்லும், இது அடித்தொண்டையை மட்டும் பார்த்துக்கொள்ளுமாம். மேளம், இடி, சினிமாவில் வண்டி மோதுவது எல்லாம் இதன் வேலை. ஒரு பெட்டி முழுக்க மூடியிருந்தது. இன்னொன்றில் முன்பக்கம் ஒரு வட்ட ஓட்டை. மூடினது அளவாக, சுத்தமாக அடிக்கும். ஓட்டை வைத்தது வீட்டையே ஆட்டும், அக்கம்பக்கம் சண்டைக்கு வரும் என்று நியாயமாகவே சொன்னார். சொல்லிவிட்டு ஒரு தீக்குச்சியைக் கிழித்து ஓட்டை முன்னால் காட்டினார். மேளம் விழ விழச் சுடர் குதித்துக் குதித்து, அப்படியே அணைந்தது.

"இதுதானுங்க" என்றாள் அம்மா. அப்பா மூடின பெட்டியைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர், "ஏனுங்க்கா, உள்ள கோழி எத்தனைங்க?" என்று கேட்டார். பல்லடம் பஸ்ஸில் எந்தப் பெட்டி ஏறினாலும் கோழிதான். அம்மா பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வழி நெடுகப் பெட்டியின் மேல் கையை வைத்தபடி வந்தாள், என் தோளில் வைப்பது போல.

வீட்டில் அதையும், கூட வாங்கிய சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் டிவி ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை டெக் வாடகைக்கு எடுத்து ஒரு சண்டைப் படமும் போட்டோம். வாசலில் நின்றவர்களுக்கு அதிர்வு நெஞ்சில் குத்தியது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் நடந்துபோய் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஆனால் அம்மா எப்போதும் உட்காரும் இடத்தில், சமையல் கட்டுக்கு முன்னால் விரித்த பவானி ஜமக்காளத்தில், ஒன்றுமே இல்லை. உட்கார்ந்து பார்த்தாள், தரையில் கை வைத்துப் பார்த்தாள், முகம் சுருங்கிப்போயிற்று. பாய் ஏமாற்றிவிட்டார் என்றே நாங்கள் முடிவு கட்டிவிட்டோம்.

மறுநாள் மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கல்யாணத்துக்கும் கோயில் நோம்பிக்கும் மைக் செட் போடுகிறவர். அவர் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "அக்கா எங்க உக்காருது?" என்று மட்டும் கேட்டார். பிறகு செய்ததைப் பார்த்து அப்பா வாயைப் பிளந்தார். பெட்டியைத் தூக்கி அம்மா உட்காரும் ஜமக்காளத்தின் மேலேயே வைத்துவிட்டார். பாட்டைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, செவுத்து ஓரமாவே தவுந்து போ. எந்த எடத்துல வயித்துல வந்து மோதுதோ, அங்கயே நில்லு. பெட்டி அங்க போனா, அதே அடி இங்க அக்காளுக்கு வரும்."

தறி நிற்கும் நேரம் பார்த்துச் செய்யலாமே என்று அப்பா கேட்டார். அம்மா விடவில்லை. "நான் ஊட்டுல இருக்கறப்ப என்னைக்குங்க தறி நின்னுருக்குது? ஓடறப்பவே பாக்கோணும்."

நான் பாவாடையைச் செருகிக்கொண்டு தவழ்ந்தேன். கதவோரம் ஒன்றுமில்லை. ஜன்னலுக்குக் கீழே கொஞ்சம். அரிசி டின்னுக்குப் பின்னால் செத்துப்போனது. குடோன் பக்கத்துச் சுவர் வந்து சேரும் மூலையில் தலையை நீட்டினேன். யாரோ உள்ளிருந்து விலாவில் முட்டியதுபோல் இருந்தது. "இங்கீங் மாமா!" என்று கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. நான் துள்ளியதைப் பார்த்திருப்பார்.

பெட்டியை அந்த மூலைக்கு மாற்றினோம். அம்மா ஜமக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்தாள். உள்ளங்கை இரண்டையும் தரையில் ஊன்றினாள். தறி ஒரு பக்கம் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்க, அவள் தலை மட்டும் மேளத்துக்குச் சரியாக ஆடத் தொடங்கியது. அன்று அவள் முகத்தை நான் பார்த்ததுபோல் யாரும் பார்க்கவில்லை.

ஆனால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் முதலாளியின் ரூம். கண்ணாடி பீரோ, மேஜை, டெலிபோன். ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஒரு நாள் சாயங்காலம் நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். லைன் வீட்டுக்காரர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஒறம்பரையில் நாலு பேரும் அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தார்கள். பெட்டியைப் பார்க்க வந்தவர்கள். கதை அவர்கள் வழியாகத்தான் ஊருக்குப் போனது.

பீரோ கண்ணாடி கிலுகிலுவென்று ஆடுகிறது, பம்பாய் பார்ட்டி போனில் பேசுவது ஒரு எழவும் கேட்கவில்லை என்று முதலாளி இரைந்தார். தறி ஓட்டுகிற வீட்டில் எதற்கு இந்தப் பவுசு என்றார். அவர் வாயைத் திறந்தபோதே அம்மா எழுந்து அவருக்கு நேராக வந்து நின்றுவிட்டாள்; இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பெட்டி அவள் முதுகுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங் மொதலாளி, உங்க தறி என்ற செவுத்துல ஓடுதுங்க. நான் ஒரு நாளாச்சும் வந்து கேட்டனுங்களா? தறியை நிறுத்துங்க, நானும் நிறுத்திப்போடறனுங்க."

மரியாதையில் ஒரு குறை இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் 'ங்க' இருந்தது. அதனால்தான் அவருக்கு இன்னும் எரிந்தது.

அப்போதுதான் அப்பா நடுங்கிக்கொண்டே ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனார். பெட்டிக்கென்று தனித் திருகு உண்டு. அதைச் சத்தமில்லாமல் அடியோடு குறைத்தார். அதிர்வு போய்விட்டது. சின்ன ஸ்பீக்கர்கள் இரண்டும் தறிச் சத்தத்துக்கு மேலே உச்சத்தில் பாடிக்கொண்டுதான் இருந்தன. முதலாளியின் கோபம் கொஞ்சம் இறங்கியது.

அம்மா சடாரென்று திரும்பினாள். "யாருங்க பாட்டை நிறுத்துனது?"

வாசல் முழுக்கச் சிரிப்பு. "பாட்டு பாடிட்டுத்தானே இருக்குது?" என்றார் ஒறம்பரை ஒருவர். முதலாளிகூட ஒரு மாதிரி அம்மாவைப் பார்த்தார். எல்லாரையும் விடச் சத்தமாக, எல்லாரையும் விட அதிக நேரம் அப்பா சிரித்தார். "பாருங் மொதலாளி, இவளுக்கு இடி இடிச்சாத்தான் அது பாட்டாமுங்க!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு, போய் அதே திருகைத் தன் கையாலேயே முன்னைவிட அதிகமாக ஏற்றிவிட்டார். பீரோ கண்ணாடி ஆடியது எங்களுக்கே கேட்டிருக்கும், தறி மட்டும் நின்றிருந்தால்.

பெட்டி போகவேண்டும், இல்லையென்றால் வீட்டைக் காலி செய்யவேண்டும் என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். மறுநாள் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்து, ஷிப்டுக்குப் போய்த் தன் நாலு தறிக்கு முன்னால் நின்றாள். அவர் போகச் சொல்லவில்லை. அவள் கையில் ஓடுகிற துணிக்குக் குறை சொல்ல ஆள் கிடையாது. ஆனால் மாசக் கடைசியில் நாங்கள் வீட்டைக் காலி செய்தோம். "வேலை என்ற கையில இருக்குது. ஊடு அவருதுங்க. அவருதை அவருகிட்டக் குடுத்துப்போட்டேன்" என்றாள். புது வீட்டில் அடுப்பு பற்றவைக்கும் முன்பே நான் சுவரோரம் தவழ்ந்தேன்.

அம்மா தறியை விட்ட பிறகுதான் அவள் காது போன விஷயம் ஒறம்பரைக்குத் தெரிந்தது; அதிலிருந்து இதைத்தான் 'செவிட்டுத் தைரியம்' என்று சிரிக்கிறார்கள். முதலாளி வைததே அவளுக்குக் கேட்கவில்லையாம், அதனால்தான் அப்படிப் பேசினாளாம். காது போனது நிஜம். தறி தின்றுவிட்டது; இப்போது என் காதையும் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் வாழ்க்கை முழுக்க உதட்டைப் பார்த்தே பேசியவள் அவள். முதலாளிக்கு நேராக வந்து நின்றது எதற்கு? ஒரு சொல் விடாமல் படித்தாள். படித்துவிட்டுத்தான் பேசினாள். கடைசியில் 'காலி பண்ணு' என்றதையும் அப்படியே படித்தாள். சிரிக்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

இன்னொன்று, நானே தறிக்கு முன்னால் நின்ற பிறகுதான் எனக்கு விளங்கியது. காது மந்தமானவளுக்கு நாலு தறி தரமாட்டார்கள். ஊடை நூலோடு குறுக்கே ஓடுகிற நாடா தவறினால் அந்தச் சத்தம் தெரியாது என்று இரண்டாக்குவார்கள். அப்புறம் கூட்டிப் பெருக்க விடுவார்கள். அம்மா தறியைக் கையால் தொட்டே ஓட்டினாள், யாருக்கும் தெரியவிடவில்லை. எல்லாரும் உதட்டைப் பார்க்கிற இடத்தில் யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவை அது வாயிலிருந்து தவறி வந்துவிட்டது, அதுவும் முதலாளி முன்னாலேயே. அதைக் கேலியாக்கி, சிரித்து, திருகையும் ஏற்றி மூடி மறைக்க அங்கே ஒருவர்தான் இருந்தார்.

அன்றைக்கு அது எனக்கு எங்கே தெரிந்தது? கதவுக்குப் பின்னால் நின்று அப்பாவைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. முதலாளிக்குப் பயந்து இறக்கினார், அம்மாவுக்குப் பயந்து ஏற்றினார், இப்படியும் ஒரு பயந்த மனுஷன் இருப்பாரா என்றுதான் நினைத்தேன்.