சுவர் தூரமாக இருக்கிற தண்ணீர்

ஒருவர் தண்ணீரில் இறங்கி நாலு கை போடட்டும், அவர் எங்கே நீந்தப் பழகினார் என்று சொல்லிவிடுவேன். குளத்தில் பழகியவர்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பார்கள். தாமரைக்கொடி காலைச் சுற்றிவிடுமோ என்ற பயம் ஐம்பது வயதிலும் போகாது. ஆற்றில் பழகியவர்கள் நிற்கிற தண்ணீரிலும் இழுப்புக்கு எதிராக ஒரு தோளைச் சாய்த்தபடியே போவார்கள். என்னைப் போல நீச்சல் குளத்தில் பழகியவர்கள் தரையில் கறுப்புக் கோடு எங்கே என்று தேடுவோம். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதில் அந்தக் காலத்தில் எனக்குப் பெரிய நினைப்பு.

எழுபதுகளில் மெட்ராஸில் படிக்கும்போது பல்கலைக்கழகத்துக்காக நீந்தியவன் நான். பதக்கங்கள் எங்கள் தென்காசி வீட்டுக் கண்ணாடி அலமாரியில், கல்யாண ஆல்பத்துக்கும் முன்னால் இருந்தன. வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுவேன். எண்பதுகளின் நடுவில், முப்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத் திருநெல்வேலியில் ஒரு கல்லூரிக் குளத்தில் நீச்சல் போட்டி என்று கேள்விப்பட்டதும், தொப்பையை ஒருதரம் தட்டிப் பார்த்துக்கொண்டு பெயர் கொடுத்துவிட்டேன். பழகுவதற்குத் தென்காசியில் ஏது நீச்சல் குளம்? குத்துக்கல்வலசைப் பக்கம் இருந்த எங்கள் வயல் கிணறுதான் கதி. நாலு பக்கமும் கல் கட்டிய சதுரக் கிணறு. வேகம் பிடிப்பதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். நின்று, சுவரைப் பிடித்து, உடம்பைத் திருப்பி, மூச்சு வாங்கி, மறுபடியும் கிளம்ப வேண்டும்.

அண்ணன் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருந்தான். வயலைப் பார்த்துக்கொண்டது அவன் மனைவி, என் மதினி. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் மோட்டார் போட வருகிறவள், கிணற்றுப் படியில் உட்கார்ந்து நான் படுகிற பாட்டை வேடிக்கை பார்ப்பாள்.

ஒருநாள் கேட்டாள், “தம்பி, அந்த மெடலெல்லாம் திரும்பாமலே வாங்குனதா?”

“ஏன் மதினி?”

“செவரக் கண்டதும், ஆபீஸ்ல தெரிஞ்ச ஆளு வந்த மாதிரி நின்னு பேசிட்டுல்லா இருக்க.”

எனக்குச் சுருக்கென்றது. “அப்போ நீங்க இறங்கிக் காட்டுங்க” என்றேன், கோபமாகத்தான். மதினி சுற்றிலும் பார்த்தாள். வயலில் ஆள் இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சத்தமே இல்லாமல் தண்ணீருக்குள் போனாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்ததை இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. சுவரை அவள் கையால் தொடவே இல்லை. சுவர் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தலை உள்ளே போயிற்று, உடம்பு சுருண்டது, இரண்டு பாதமும் கல்லில் பட்டது, ஆள் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். அங்கேயும் அதே போல. திரும்பவும் இங்கே. நிற்கவே இல்லை. கண்ணை வேறு இறுக மூடியிருந்தாள். மெட்ராஸில் இந்தத் திருப்பத்துக்காக விசில் அடித்து அடித்து எங்களை ஒரு வருஷம் வதைத்தார்கள். எனக்கு அது பாதிதான் வந்தது. தேசிய அளவில் நீந்தியவர்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். யாரைப் பார்த்தும் எனக்கு இப்படிப் புல்லரித்ததில்லை. வாயைப் பிளந்துகொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதினி பிறந்தது பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில். கோடை விடுமுறையில் அவள் அப்பாவின் கிணற்றில்தான் பிள்ளைகளுக்குப் போட்டி. சுவருக்குச் சுவர் போய் வந்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் சுவரைப் பிடித்து நிற்கிறவர் தோற்றவர். கடைசிவரை நிற்காதவருக்கு முதல் நுங்கு. தொடர்ந்து மூன்று கோடை அந்த நுங்கைத் தின்றது மதினிதான். பையன்கள் அவளோடு பேசாமலே இருந்தார்களாம்.

“பொறவு?” என்றேன்.

“பொறவு என்ன, வயசுக்கு வந்த அன்னைக்குக் கெணத்த விட்டு ஏறுனது. இன்னைக்குத்தான் எறங்குதேன்.”

நீங்களும் போட்டிக்குப் பெயர் கொடுங்கள், நிச்சயமாக ஜெயிப்பீர்கள் என்று குதித்தேன். மதினி படியில் உட்கார்ந்து தலைமுடியைப் பிழிந்தாள்.

“ஜெயிக்கதெல்லாம் நீ பாத்துக்க தம்பி. எனக்கு, செவரு தூரமா இருக்கிற தண்ணில ஒரு தடவ நீந்தணும். இங்கன நாலு கை போட்டா முட்டிருது. குளத்துக்குப் பொம்பளப் பிள்ளையள விடமாட்டாவ. முட்டாமப் போய்ட்டே இருந்தா எப்பிடி இருக்கும்னு சின்னதுலயே நெனப்பேன்.”

சரி, அண்ணனிடம் யார் கேட்பது? வீட்டில் வைத்துக் கேட்டால் கேள்வி முடியும் முன்னே “வேண்டாம்” வந்துவிடும். அதற்கு மதினி குற்றாலத்தை வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. எண்ணெய் தேய்த்து அருவிக்குள் நின்று, தலையிலும் தோளிலும் அடி வாங்கி வெளியே வருகிற மனுஷனுக்குக் கோபம் என்றால் என்னவென்றே மறந்திருக்கும். பசி மட்டும் இருக்கும். கல்யாணப் பேச்சு, நிலப் பேச்சு எல்லாவற்றையும் அந்த நேரம் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

சாரல் நன்றாக விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் போனோம். அண்ணன் கண் சிவந்து, குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தான். மதினி அவன் கையில் சூடான மிளகாய் பஜ்ஜியைக் கொடுத்தாள்.

“பெரியவங்களுக்கு ஒரு நீச்சல் போட்டியாம். போவட்டுமா?”

“எந்தப் பெரியவங்க?”

“நாந்தான்.”

அண்ணன் பஜ்ஜி புரையேறும்படி சிரித்தான். “ஏட்டி, ஊரு சிரிக்கும்லா!”

“நீங்களே சிரிச்சிட்டிய. இனி ஊரு சிரிச்சா என்ன?”

“போ, போய்ட்டு வா” என்று அடுத்த பஜ்ஜிக்குக் கை நீட்டினான். தலை காய்ந்ததும் அவனுக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் கொடுத்த வாக்கை மாற்றுகிறவன் இல்லை. யாராவது ஏதாவது சொன்னால் தட்டிக் கேட்பதற்கு ஆள் வேண்டும் என்று தானும் வருவதாகச் சொல்லிவிட்டான். மதினி கறுப்புத் துணி எடுத்து, முழுக்கையும் கணுக்காலும் மூடுகிற மாதிரி தன் மிஷினிலேயே ஓர் உடுப்புத் தைத்துக்கொண்டாள்.

என் போட்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதாக வந்தேன். நீந்தியது மூன்று பேர்தான்.

பெண்களில் நாலு பேர். என்னுடைய நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தேன், கண்ணைக் கட்டின மாதிரி இருக்கிறது என்று மதினி திருப்பிக் கொடுத்துவிட்டாள். விசில் அடித்ததும் பாய்ந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், எடுத்த எடுப்பில் அவள்தான் முன்னால் இருந்தாள். நான் கத்தினேன். அப்போதுதான் அது நடந்தது. எங்கள் கிணற்றின் அகலம் எவ்வளவோ அவ்வளவு போனதும், நட்டநடுத் தண்ணீரில் மதினியின் தலை உள்ளே போயிற்று. உடம்பு சுருண்டது. அதே அழகான திருப்பம். இரண்டு கால்களும் ஒன்றுமில்லாத தண்ணீரை உதைத்தன.

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மதினி மூழ்கி எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கையால் துழாவினாள். கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையோடு ஓடினான். “ஏட்டி! செவரு அங்கன இல்லட்டி! கண்ணத் தொற!”

மதினி கண்ணைத் திறந்தாள். எதிரே இருந்த தண்ணீரைப் பார்த்தாள். அந்த முகத்தில் வெட்கமோ பயமோ இல்லை. கோயிலில் திரை விலகும்போது பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தாள். மற்றவர்கள் முடித்துக் கரையேறிய பிறகு கடைசியாக வந்து சேர்ந்தாள்.

பரிசு கொடுக்க எல்லோரும் நிழலுக்குப் போனதும், இன்னொரு தடவை நீந்தட்டுமா என்று அங்கே இருந்த அதிகாரியிடம் கேட்டாள். அவர் தலையாட்டினார். மதினி இந்தத் தடவை கண்ணைத் திறந்தபடி, அவசரமில்லாமல் நீந்தினாள். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு கூடவே நடந்தான். எதிர்ச்சுவரில் அவள் போடப் போகிற திருப்பத்தை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. நாலு பேரைக் கூப்பிட்டுக்கூட வைத்திருந்தேன்.

மதினி திரும்பவில்லை. சுவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு தலையை மட்டும் திருப்பி, தான் கடந்து வந்த தண்ணீரைப் பார்த்தாள்.

“இம்புட்டுத் தூரமும் நானா வந்தேன்?”

அண்ணன் கரையில் குத்தவைத்து உட்கார்ந்து துண்டை நீட்டினான். “நீதாட்டி. நான் பாத்துட்டுத்தான வாரேன்.”