மணமகள் ஏறிய சாப்பாட்டு வான்

என் கணவரிடம் முப்பது வயது தாண்டிய கார் ஒன்று இருக்கிறது. பழங்கால வாகனங்களுக்குச் சலுகையில் கொடுக்கும் நம்பர் பிளேட் போட்டது. கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் கிளப் பயணத்துக்கும் மட்டுமே அதை ஓட்டலாம். இவரோ மீன் வாங்கவும் அதிலேதான் போவார்.

போன கோடையில் இவருடைய தங்கை மகள் அபிராமிக்குக் கல்யாணம். "மாமா, உங்கடை காரிலைதான் கோயிலுக்கு வருவன்," என்றாள். பூமாலை கட்டி, எங்கள் வீடு இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து மூவரும் புறப்பட்டோம். பாதி வழியில் பொலிஸ் மறித்தது.

"எங்கே போகிறீர்கள்?" என்று அந்தப் பெண் அதிகாரி கேட்டார்.

"ஊர்வலம்," என்றார் இவர்.

அதிகாரி திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் கல்யாணச் சாப்பாட்டு வான் மட்டும்தான் நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும், "இந்த பிளேட்டோடு இப்படி ஓடி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைவிட்டுவிடும். மணமகளை வேறு வாகனத்தில் அனுப்பிவிட்டு, காரை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்," என்றார். நான் இறங்கிப்போய் வான் கதவைத் திறந்தேன்.

அபிராமி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி வானில் ஏறினாள். "மாமி, ஐ ஆம் ஸ்டார்விங்," என்று பசியில் ஒரு வடையும் எடுத்தாள். கோயில் வாசலில் வடையோடு இறங்கியவளைக் கண்டு மாப்பிள்ளைதான் முதலில் கைதட்டினார். தாலி கட்டும் நேரத்துக்கு இவரும் காரை வீட்டில் விட்டுவிட்டு டாக்சியில் வந்திறங்கி, வேட்டி நழுவ ஓடிவந்தார்.

"ஊர்வலம் எண்டனான், அவ நம்பேல்லை," என்றார். ஐயரும் சிரித்துவிட்டார்.

அடுத்த கிழமையே சாதாரண பிளேட்டும் முழு இன்சூரன்ஸும் எடுத்தோம். இப்போது பொலிஸைக் கண்டால் இவர் முன்புபோல் வேறு தெருவுக்குள் திரும்புவதில்லை. கை காட்டிவிட்டுப் போகிறார்.