கொஞ்சம் சுணங்கிய கப்பல்

தொண்ணூறுகளின் கடைசி. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த லொட்ஜில் தங்கியிருந்தேன். தங்கியிருந்தேன் என்பதைவிட, ஒரு தொலைபேசிக்குக் காவல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

கல்யாணம் முடிந்த சில மாதங்களிலேயே என் கணவர் ஏஜென்சிக்காரனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். ஆபிரிக்க நாடொன்றில் இறக்கி, அங்கேயே நெடுநாள் வைத்திருந்தார்கள். கடைசியாகக் கதைத்தபோது, "நாளைக்குக் கப்பலில ஏத்தப் போறாங்களாம். இறங்கின உடனே எடுக்கிறன். அழாதையும்" என்றார். "நான் ஏன் அழப்போறன்? நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுங்கோ" என்று வெடுக்கென்று சொன்னேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. பிறகு ஒரு தகவலும் இல்லை.

எங்கள் ஊரில் அப்போது தொலைபேசி கிடையாது. அவர் கையில் இருந்தது இந்த லொட்ஜின் நம்பர் ஒன்றுதான். அம்மா ஊருக்கு வரச் சொல்லி ஆளுக்கு மேல் ஆளாகச் சொல்லி அனுப்பினார். நான் அசையவில்லை. நான் போன அன்றைக்குத்தான் அவர் எடுப்பார் என்று எனக்குப் பயம்.

லொட்ஜ் முழுக்க என்னைப் போன்ற சனம்தான். கனடா, லண்டன், சுவிஸ் என்று ஆளுக்கொரு தேசத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு காத்திருந்தார்கள். கீழே மேசையில் ஒரு சிவப்பு ரெலிபோன். அது அடித்தால் முழு லொட்ஜும் மூச்சை அடக்கும். மனேஜர் கொழும்பு முஸ்லிம். தங்கமான மனிதர், ஆனால் தொண்டை ஒலிபெருக்கி. அவர் யாரையாவது கூப்பிட்டால் காலி வீதியில் போகிற பஸ்காரனுக்கும் கேட்கும்.

சமையலுக்கு ஒரு அக்கா இருந்தார். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். ரெலிபோன் அடித்தால் போதும், அடுப்பில் என்ன கொதித்தாலும் விட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி ஓடி வந்து மேசைக்குப் பக்கத்தில் நிற்பார். யாருக்கு அழைப்பு என்று தெரிந்ததும் திரும்பிப் போய்விடுவார். எனக்கு அதைக் கண்ணிலும் காட்டக்கூடாது. "பருப்பு அடிப்பிடிச்சாலும் பரவாயில்லை, ஊர்ப் புதினம் தவறக்கூடாது இந்த மனிசிக்கு" என்று பக்கத்து அறை அன்ரியிடம் முணுமுணுப்பேன்.

என் கணவர் கப்பலில் ஏறிய செய்தி பரவியதும் லொட்ஜின் பேச்சே மாறிவிட்டது. பின் பல்கனியில் நின்றால் கடலைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் என்னைக் கண்டால் "இண்டைக்கு நல்ல காத்து" என்பார்கள், கடல் என்ற சொல்லே வாயில் வராது. மூழ்குவதை நாங்கள் 'தாண்டு போச்சு' என்போம். அந்தச் சொல் அங்கே அறவே இல்லாமல் போயிற்று. தேத்தண்ணிக்குள் பிஸ்கட் உடைந்து விழுந்தால்கூட "உள்ளுக்குப் போட்டுது" என்றார் அன்ரி. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஒரு போயா தினப் பிற்பகல், பௌர்ணமி விடுமுறை. கடைகளெல்லாம் பூட்டு. பொழுது போகட்டும் என்று மனேஜர் எங்கிருந்தோ வீடியோ டெக்கும் ஒரு கசெற்றும் கொண்டுவந்தார். இங்கிலிஷ் படமாம், பெரிய கப்பலாம், பார்க்க வடிவாக இருக்குமாம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஹோலில் பாய் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம்.

கப்பலின் முகப்பில் இருந்த பெயரைக் கண்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. டைட்டானிக். முதல் பயணத்திலேயே பனிமலையில் மோதிக் கடலுக்குள் போன கப்பல். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வகுப்பில் படித்த கதை. எழும்பிப் போகத்தான் நினைத்தேன். கால் வரவில்லை. அவர் எப்படிப்பட்ட கப்பலில், எந்த மூலையில் சுருண்டு கிடக்கிறாரோ. ஏதோ ஒரு கப்பலையாவது பார்த்துக்கொண்டிருக்கலாமே என்று இருந்தது.

பெரிய சாப்பாட்டு மண்டபம், வாத்தியக்காரர், மேல்தட்டில் காற்று வாங்கும் சீமாட்டிகள். அவர்களை யார் பார்த்தார்கள்? கீழ்த்தட்டில் மூட்டை முடிச்சோடு நெருங்கியிருந்த ஏழைச் சனங்களுக்குள் என் மனிசனின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். பைத்தியம்தான், வேறென்ன.

பின்னால் குசுகுசுப்புக் கேட்டது. அன்ரிக்கும் கதை தெரியும் போலிருக்கிறது. சமையல் அக்காவின் காதில் ஏதோ சொன்னார். அக்கா எழும்பிப் போனார். திரையில் இருட்டுக்குள் வெள்ளையாக ஒன்று எழுந்தது. கப்பலில் மணி அடித்தார்கள். டக்கென்று எல்லாம் நின்றுவிட்டது.

"ஐயோ, கரண்ட் போட்டுதே!" என்று அன்ரி நெஞ்சில் கை வைத்தார். நாடகக்காரி தோற்றாள். "இவனுகளுக்கு வேற வேலயே இல்ல!" என்று மனேஜரும் சேர்ந்துகொண்டார். எதிர்வீட்டு றேடியோ பாடிக்கொண்டே இருந்தது. படிக்கட்டுக்குக் கீழே மெயின் சுவிட்ச் பெட்டி திறந்து கிடந்தது. அதற்குப் பக்கத்தில் அக்கா, ஒன்றும் அறியாதவர் போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோபக்காரி என்று பெயர் எடுத்தவள் நான். ஒரு வெடி வெடித்திருக்க வேண்டும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அப்ப, கப்பல் போய்ச் சேர்ந்ததோ?"

 அக்காதான் முன்னால் வந்தார்.

"சேராம என்னம்மா? ஐஸ் கட்டியில லேசா ஒரசிருச்சு, அம்புட்டுதான். கொஞ்சம் சொணங்கிருச்சு. அப்பறம் சின்னக் கப்பல் ஒண்ணு வந்து, கயிறு கட்டி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு. பொட்டி படுக்ககூட நனையல."

"எல்லாரும் இறங்கினவையோ?"

"ஒருத்தர் விடாம. எறங்கினதும் மொத வேலையா வீட்டுக்குப் போன் போட்டாங்க."

அந்தக் கப்பல் போன காலத்தில் ஏது வீட்டுக்கு வீடு போன்? மனேஜர் இருமினார். அன்ரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பொய் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் அந்தப் பொய் எனக்குத் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு மனம் தாங்காத பொழுதெல்லாம் குசினிக்குப் போவேன். தேங்காயைத் திருவிக்கொடுத்தபடி, "அக்கா, அந்தச் சின்னக் கப்பல் எந்தப் பக்கத்தால வந்தது?" என்று கேட்பேன். அவர் சலிக்காமல் சொல்வார். ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடும். ஒரு நாள், இறங்கியவர்களுக்குச் சுடச்சுடச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார்கள். இன்னொரு நாள், கப்டன் ஒவ்வொருவரிடமும் பெண்சாதியின் பெயரைக் கேட்டு விசாரித்தார்.

பிறகு ஒரு மத்தியானம் ரெலிபோன் அடித்தது.

"தங்கச்சி! ஓடி வாங்க! ஒங்கட ஆள் பேசுற!"

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "இறங்கிட்டம். கொஞ்சம் சுணங்கிப் போச்சு" என்றார் அவர். அக்காவின் அதே சொல். நான் அழுதுகொண்டே இருந்தேன். "அழாதையும் எண்டு சொன்னனானெல்லே" என்றபோது அவர் குரலும் உடைந்துவிட்டது.

திரும்பினால் அக்கா நின்றார். கை இன்னும் சேலைத் தலைப்பில். "நாந்தான் சொன்னேன்ல!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். பிறகு மெல்லக் குசினிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தி நான் அதற்கு முன் கண்டதில்லை.

மனேஜர் குனிந்தார். அவருடைய குரல் தாழ்ந்து கேட்டது அன்றைக்குத்தான்.

"அவட புருஷனும் கடலாலதான் போன தங்கச்சி. நீர்கொழும்புப் பக்கம் இருந்து மீன்பிடி ட்ரோலர்ல, இத்தாலிக்கி. வருஷத்துக்கு மேல. ஒரு கதயும் இல்ல. இந்த நம்பரத்தான் குடுத்து அனுப்பீக்கிறா. அதுதான் தீபாவளிக்கும் ஊருக்குப் போகாம இங்கயே நிக்கிறா."

 புதினம் பார்க்க வருகிறார் என்று நினைத்தேனே. ஒவ்வொரு மணிக்கும் அவர் ஓடி வந்தது தன் மனிசனின் குரலுக்கு. நான் கேட்கக் கேட்க அவர் கரைசேர்த்தது என் கப்பலை மட்டும்தானா?

அடுத்த வருடம் அவரிடம் போக எனக்கும் விசா கிடைத்தது. விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றது. அக்கா இடியப்பம் கட்டிய பார்சலோடு வாசலுக்கு வந்தார்.  பார்சலைத் தந்த கை என் கையை விடவில்லை.

"தங்கச்சி... அந்தக் கப்பல்..." என்று தொடங்கினார். 

"போய்ச் சேர்ந்திட்டுது அக்கா" என்றேன். "கொஞ்சம் சுணங்கினதுதான். சின்னக் கப்பல் வந்து கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது. எல்லாரும் இறங்கினவை. ஒருத்தர் விடாமல்."

"பொட்டி படுக்ககூட நனையலல்ல?"

"ஒரு சொட்டுத் தண்ணியும் படயில்லை."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே ரெலிபோன் அடித்தது. கையை உதறிவிட்டு ஓடினார். வான் புறப்பட்டுவிட்டது, அது யாருக்கு வந்த அழைப்பு என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. சில வருடங்கள் கழித்து வெள்ளவத்தைக்குப் போனபோது அந்த இடத்தில் புது மாடிக் கட்டிடம் நின்றது. அக்காவைப் பற்றி விசாரித்தும் ஒருவருக்கும் தெரியவில்லை.

இன்றைக்கும் வீட்டில் தொலைபேசி அடித்தால், ஈரம் இல்லாத கையையும் துடைத்துக்கொண்டுதான் எடுக்கிறேன். உலகத்துக்கெல்லாம் அந்தக் கப்பல் எப்போதோ மூழ்கிவிட்டது. எனக்கும் அக்காவுக்கும் அது இன்னும் கொஞ்சம் சுணங்கிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.