அண்ணாந்து குடித்த சனிக்கிழமை

நியூசிலாந்தின் ஓக்லண்டில் பெரிய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைத்தான் காலேஜ் என்பார்கள். என் மகள் காலேஜின் பெண்கள் கால்பந்து அணியில் சேர்ந்த முதல் மாதமே பேச்சு வாங்கினாள். விளையாட்டுக்காக இல்லை, தண்ணீர் குடித்த விதத்துக்காக. அங்கே ஒரே போத்தல் கைமாறிக் கைமாறிப் போகும். எல்லோரும் வாய் வைத்து உறிஞ்சுவார்கள். இவள் மட்டும் அண்ணாந்து, போத்தலைத் தூக்கிப் பிடித்து ஊற்றுவாள். எங்கள் வாய் அவ்வளவு ஊத்தையா என்று ஒருத்தி கேட்டுவிட்டாளாம். வீட்டுக்கு வந்து அழுதாள்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருப்பது ஊரறிந்த விஷயம். எச்சில் என்றால் எச்சில்தான், அதில் அவர்களின் எச்சில், எங்களின் எச்சில் என்று வித்தியாசம் இல்லை, நீ உன் பாட்டுக்கு அண்ணாந்தே குடி என்று சொல்லிவிட்டுச் சமையலைப் பார்க்கப் போனேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டாள் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அந்த அணியில் இடது விங்கில், கோட்டு ஓரமாக, ஓடியவள் எங்கள் தெருவிலேயே இருந்த சமோவாப் பிள்ளை. மகளும் அவளும் ஒன்றாக நடந்துதான் காலேஜுக்குப் போவார்கள். என் மகள் நடுவில் விளையாடுவாள். பந்து காலுக்கு வந்ததும் பார்க்காமலே இடது பக்கம் தட்டிவிடுவாள், அங்கே அந்தப் பிள்ளை எப்படியும் வந்து நிற்பாள். கால்பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அதைப் பார்க்க ஆசையாக இருக்கும்.

தொண்ணூறுகளில் இங்கே மூளைக்காய்ச்சல் பரவிய குளிர்காலங்கள் இருந்தன. பேப்பரில் வரும், த்ரீ கிங்ஸ் பகுதியில் நான் வேலை செய்த கடையில் கதைப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அப்படி ஒரு குளிர்காலத்தில், ஒரு புதன்கிழமை, வகுப்பில் என் மகளுக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பிள்ளை தலை இடிக்கிறது என்று மேசையில் சாய்ந்தாள். அடுத்த நாள் விடியும்போது ஆஸ்பத்திரியில் மெஷின்தான் அவளுக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

அன்றே சுகாதாரத் தாதி ஒருவர் காலேஜுக்கு வந்து அணி முழுவதற்கும் நோய் தொற்றாமல் இருக்கக் கப்சூல் கொடுத்தார். இதை எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் அப்படித்தான் வரும், பயப்படாதீர்கள் என்று சொன்னாராம். பிறகு, ஒரே போத்தலில் வாய் வைத்துக் குடித்தவர்கள் யார் என்று கேட்டாராம். எல்லாக் கைகளும் உயர்ந்தன. என் மகளின் கையும்.

இதை அவளே வந்து சொன்னாள். எப்போதிருந்து என்று கேட்டேன்.

"கன நாளா, அம்மா. என்னோட நடந்து வாற அவள்தான் சொன்னவள், சும்மா எங்களை மாதிரிக் குடி, பிறகு ஒருத்தரும் உன்னைப் பார்க்கமாட்டினம் எண்டு."

ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். கப்சூலை விழுங்கினாயா என்றுதான் கேட்டேன்.

சுகாதாரத் துறைத் தாள் ஒன்றும் கொடுத்துவிட்டிருந்தார்கள். தோலில் புள்ளிகள் தெரிந்தால் கண்ணாடிக் கோப்பை ஒன்றை அதன்மேல் அழுத்திப் பார்க்க வேண்டும், புள்ளி மறையாவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வர். ஜாம் போத்தல் ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை காலை அவள் கட்டிலில் நீட்டிக்கொண்டு கிடக்க, கால், கை, முதுகு என்று மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு போனேன். கண்ணாடிக்குக் கீழே தோல் வெளிறி, மெழுகுபோல, யாரோ ஒருத்தியின் தோல்போலத் தெரிந்தது. இது என் பிள்ளைதானா என்று ஒரு கணம் முகத்தைப் பார்த்தேன். அவளும் என்னை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் காலேஜ் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம். மறுநாள் சனிக்கிழமை ஆட்டம் இருந்தது. அதை நடத்துவதா, மிச்ச சீசனையே நிறுத்திவிடுவதா என்பதுதான் கேள்வி. ஒருவர் இருமினால் மூன்று வரிசைக்குத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு தகப்பன் எழும்பி, பிள்ளைகள் வகுப்பிலும் பஸ்ஸிலும் ஒன்றாகத்தானே இருக்கிறார்கள், மைதானத்தை மட்டும் பூட்டி என்ன பயன் என்று கேட்டார். இன்னொருவர், பெரிய அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுக்குழு தன் மகளைப் பார்க்க வரும் வருடம் இது என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பிள்ளை உயிரோடு இருந்தால் அடுத்த வருடமும் விளையாடலாம், நிறுத்துங்கள் என்று சொன்னேன். கொஞ்சப் பேர் கை தட்டினார்கள். என் பக்கம்தான் வெல்லும் என்று நினைத்தேன்.

பின் வரிசையில் அணிப் பிள்ளைகள் இருந்தார்கள். அழுதுகொண்டிருந்தார்கள். அவர்கள் மடியில் கசக்கி வைத்திருந்த டிஷ்யூக்கள் எல்லாம் செம்மஞ்சள் நிறம். தாதி சொன்னது எனக்குத் தெரியும், மருந்துதான் என்பதும் தெரியும். ஆனாலும் அத்தனை பிள்ளைகளும் ஒரே நிறத்தில் அழுவதைப் பார்த்ததும், அதில் என் பிள்ளை எங்கே என்று தேடினேன்.

அப்போதுதான் அந்தச் சமோவாப் பிள்ளையின் தாய் உள்ளே வந்தா. ஆஸ்பத்திரியில் ஒட்டிவிட்ட ஸ்டிக்கர் இன்னும் நெஞ்சில் இருந்தது. அவ உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் நின்றபடியே, சேர்ச் பாட்டுக் குழுவில் பாடும் தெளிந்த குரலில், தன் மகளுக்காக ஒருவரும் எதையும் நிறுத்த வேண்டாம் என்றா. கண் திறந்ததும் அவள் முதலில் ஸ்கோர் என்ன என்றுதான் கேட்பாள், ஆட்டமே இல்லையென்றால் தான் அவளுக்கு என்ன சொல்வது என்று கேட்டா. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விட்டா.

அதற்குப் பிறகு கை உயர்த்தச் சொல்லி முடிவெடுத்தார்கள். ஆட்டம் நடக்கும், ஆளுக்கொரு போத்தல், பெயர் எழுதியிருக்க வேண்டும், ஒருவருடையதை மற்றவர் தொடக்கூடாது என்று முடிந்தது. எதிர்த்துக் கை உயர்த்த என்னாலும் முடியவில்லை. எனக்கு அந்தத் தாயிலேயே கோபம் வந்தது, அதை ஒளிக்க நான் விரும்பவில்லை.

வீட்டுக்கு வந்து, யார் என்ன முடிவெடுத்தாலும் நீ போகவில்லை என்று மகளிடம் சொன்னேன். புக்கெகோஹி என்ற ஊரின் மரக்கறிப் பண்ணையில் வேலை முடித்து வந்த அவளின் தகப்பன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சத்தம் போடவில்லை.

"நானும் போகாட்டி, பந்தை ஆர் அவளுக்குக் குடுக்கிறது?"

"அவள்தான் அங்க இல்லையே, பிள்ளை."

நான் ஏதோ விளங்காமல் கதைக்கிறேன் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போனாள். விடிய எழும்பி ஜாம் போத்தலால் பார்த்தேன், ஒரு புள்ளியும் இல்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வேறு சாட்டு இருக்கவில்லை.

மைதானத்தில் பனிமூட்டம். மைதானத்துக்குப் பின்னால் இருந்த மலையின் பக்கத்துக் கோல் கம்பம் பாதிதான் தெரிந்தது. பெற்றோர் ஆளுக்கு ஆள் தள்ளித் தள்ளி நின்றோம், ஒருவரும் கை கொடுக்கவில்லை. எதிரணிப் பிள்ளைகள் தூரத்தில் கூட்டமாக நின்று எங்கள் பிள்ளைகளையே பார்த்தார்கள். கோட்டுக்கு வெளியே, புல்லில், போத்தல்கள் வரிசையாக இருந்தன. அதில் அந்தப் பிள்ளையின் போத்தலும் இருந்தது. அவளின் தாய் அதைச் சுடுதண்ணீரில் கழுவி, நிரப்பி, கொண்டுவந்து வைத்துவிட்டு, இடது கோட்டு ஓரத்தில் தான் எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றா.

விங்கில் வேறு ஒருத்தியை விடுவதற்குப் பயிற்றாசிரியர் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் மறுத்துவிட்டார்கள். பத்துப் பேராக இறங்கினார்கள்.

தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பந்து என் மகளின் காலுக்கு வந்தது. அவள் பார்க்காமல் இடது பக்கம் தட்டினாள். பந்து ஆளில்லாத புல்லில் உருண்டு போய்க் கோட்டைத் தாண்டி நின்றது. பழக்கதோஷம் என்று நினைத்தேன். அடுத்த முறையும் தட்டினாள். மற்றப் பிள்ளைகளும் அப்படியே செய்தார்கள். முதலில் அந்தப் பந்துகளைத் துரத்திய எதிரணிப் பிள்ளைகள், கொஞ்ச நேரத்தில், அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. மைதானத்தில் அந்த ஒரு துண்டு நிலத்தில் ஒருவர் காலும் படவில்லை. பந்து அங்கே போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாயின் தலை மெல்லத் திரும்பியது. ஆனால் அவ பந்தைப் பார்க்கவில்லை. பந்துக்குச் சற்று முன்னால், ஓடும் ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு போனா.

இடைவேளைக்கு விசில் ஊதியதும் பிள்ளைகள் போத்தல்களிடம் வந்தார்கள். தங்கள் தங்கள் போத்தலை எடுத்தார்கள். அந்த ஒரு போத்தல் புல்லில் தனியே நின்றது. எல்லோரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள், ஒருத்தியும் குடிக்கவில்லை.

என் மகள் தன்னுடையதைக் கீழே வைத்துவிட்டு அதை எடுத்தாள்.

நான் ஓடத் தொடங்கினேன். அவள் என்னைக் கண்டாள். கண்டபடியே மூடியைக் கழற்றி, அண்ணாந்து, போத்தலை உயரத் தூக்கி ஊற்றினாள். ஒரு துளிகூட உதட்டில் படவில்லை. பிறகு பக்கத்தில் நின்றவளிடம் நீட்டினாள். அவளும் அண்ணாந்தாள், மூக்கிலும் கழுத்திலும் ஊற்றிக்கொண்டு இருமினாள். அடுத்தவள், அதற்கடுத்தவள். வாய் வைக்காமல் குடிக்கத் தெரியாத பிள்ளைகள், நனைந்து, புரையேறி, செம்மஞ்சள் கண்ணீரோடு, முடியுமட்டும் குடித்தார்கள். பயிற்றாசிரியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நின்றுவிட்டேன்.

கடைசிப் பிள்ளை வெறும் போத்தலை அந்தத் தாயிடம் கொடுத்தாள். அவ அதைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. மிச்ச ஆட்டத்துக்கு நிற்கவில்லை, ஸ்கோர் கேட்கவும் மறந்துவிட்டா.

அந்தப் பிள்ளை கண் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு முன் இறந்துபோனாள். சீசன் நிற்கவில்லை, கடைசி ஆட்டம்வரை இடது பக்கம் காலியாகவே கிடந்தது.

என் மகள் அதன் பிறகு எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிப்பாள். கடையில், கல்யாண வீட்டில், யாருமே இல்லாத எங்கள் வீட்டுக் குசினியில்கூட. அப்படித்தான் குடிக்க வேண்டும் என்று சொன்னவள் நான், ஆனால் இப்போது அவள் குடிப்பது என் சொல்லுக்காக இல்லை. அவள் தலையைச் சாய்க்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.